கடைமடைக்காரர்

"இன்னிக்கும் அந்த ஆளாலதான் லேட்டு!"

ஹேமாவதி சொன்னது பஸ் முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

கோலாலம்பூர் வந்ததிலிருந்து இதே பேஜார். உத்திரமேரூர்ப் பக்கத்து ஜனங்கள் ஒரு கூட்டமாய்ச் சேர்ந்து, பிளேன் ஏறி, கடல் தாண்டி வந்தது எதற்கு? புள்ளலூர் வீராசாமி எப்போது வருவார் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவா?

பத்துமலையில் அவர்தான் கடைசி. சாக்லேட் கடையில் அவர்தான் கடைசி. இன்றைக்கு அவருக்காகக் காத்திருந்ததில் இரட்டைக் கோபுரத்தில் ஏறும் நேரமே தவறிவிட்டது. எல்லோரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

அந்தக் கோபுரத்தின் உச்சியில் நின்று ஊரைப் பார்க்க வேண்டும் என்பது ஹேமாவதியின் பல வருஷத்து ஆசை. வீடு விட்டால் புடவைக் கடை, கடை விட்டால் வீடு என்றே தலை நரைத்துப் போனவள். அவளுக்கு வயிறு எரியாதா?

வீராசாமி முன் கதவில் மெதுவாக ஏறினார். வேட்டி, காலில் மகன் வாங்கித் தந்த ஸ்போர்ட்ஸ் ஷூ, முகத்தில் அதே சிரிப்பு.

"இன்னா பெரியவரே, நேரம் காலமே கெடையாதா ஒங்களுக்கு?"

"கோச்சிக்காதம்மா. நான் கடைமடைக்காரன். எல்லார் கழனிக்கும் பாஞ்சி முடிச்சப்புறம்தான் ஏரித் தண்ணி என் கழனிக்கு வரும். கடைசியா வந்தே பயக்கமாயிடுச்சி."

இதற்கும் நாலு பேர் திட்டினார்கள். வீராசாமி அதைத் துடைத்துப் போட்டுவிட்டு, பின் கதவை ஒட்டியிருந்த கடைசி வரிசைக்குப் போய்த் தேவராஜன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தேவராஜன் வேறு யாருமில்லை, ஹேமாவதியின் கணவர்தான். முன்னால் ஏசி குளிர் அதிகம் என்று முதல் நாளே பின்னால் போனவர், அங்கே வீராசாமியோடு ஒட்டிக்கொண்டுவிட்டார். ஹேமாவதிக்குக் கூரத்து சசிரேகா துணை. ஒரே ஊறுகாய் பாட்டிலில் பங்கு போடுகிற அளவுக்கு இருவரும் நெருங்கியிருந்தார்கள்.

ஹேமாவதி பின்னால் போனாள்.

"இன்னாங்க, ஒங்க சிநேகிதருக்கு நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"வுடு ஹேமா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அதுவும் வேண்டாமாம். இரண்டு நாளாகத் தண்ணீரைக் கண்டாலே தலையை ஆட்டுகிறார். சேர்க்கை அப்படி என்று நினைத்துக்கொண்டாள்.

ஓட்டலுக்குத் திரும்பியதும் டூர் மேனேஜர் தினேஷ்குமாரைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கி வுட்டா கோபுரம் கெடையாது. அந்த ஆளு லேட்டா வந்தா வுட்டுட்டுப் போயிடணும். டாக்சி புடிச்சி வரட்டும், அப்பதான் புத்தி வரும்."

சசிரேகா ஆமாம் போட்டாள். கூட்டமும் ஆமாம் போட்டது. மறுநாள் காலையில் தினேஷ்குமார் மைக்கிலேயே சொல்லிவிட்டான். வீராசாமி அதற்கும் சிரித்தார்.

அன்று கோபுரத்துக்குப் போகும் வழியில் மார்க்கெட்டில் இறங்கினார்கள். ஹேமாவதி ஒரு சாவிக்கொத்தைக்கூட நின்று பார்க்கவில்லை. முதல் ஆளாக பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தினேஷ்குமார் தலைகளை எண்ண ஆரம்பித்தான்.

"எதுக்குப்பா எண்ணிக்கினு கீற? வராதது யாருன்னு தெரியாதா? வண்டிய எடுக்கச் சொல்லு!"

பஸ் நகர்ந்தது. சிலர் கை தட்டினார்கள். பார்த்தீர்களா என்று கணவரிடம் பெருமையோடு காட்ட ஹேமாவதி திரும்பினாள்.

கடைசி வரிசையில் இரண்டு சீட்டும் காலி.

"ஐயோ, எங்க வூட்டுக்காரரு! நிறுத்துப்பா!"

விழுந்தடித்து ஓடினாள். கடைகளுக்குள் தேடினாள், காணவில்லை. மார்க்கெட்டின் பின்பக்கம் பாத்ரூம் இருந்தது. அதன் வாசலில் வீராசாமி நின்றுகொண்டிருந்தார். தோளில் தேவராஜனின் பை.

"அவசரப்படாத தேவராஜண்ணா, நிதானமா வா. எப்பவும் போல நீ பின் கதவால ஏறிக்கோ. நான் முன்னால ஏறி வாங்கிக் கட்டிக்கறேன்."

உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது.

"எத்தினி தபாதான் எனுக்காகத் திட்டு வாங்குவ? அவகிட்ட சொல்லிடறேன்யா. நீர் சரியா போவலன்னு ஊர்லயே சொல்லியிருந்தா டூரே வேணான்னிருப்பா. பாவம், அந்தக் கோபுரத்து மேல எவ்ளோ ஆசை வெச்சிக்கினு கீறா."

"அந்தம்மா ஏறி எறங்கட்டும், அப்பால சொல்லு. எனுக்கு இன்னா, கடைமடைக்காரன்."

ஹேமாவதிக்கு அழுகை முட்டியது. அவமானமாகவும் இருந்தது, கணவர் மேல் கோபமாகவும் இருந்தது. கதவைத் திறந்து வந்தவர் அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஊருக்குப் போயி உங்கள வெச்சிக்கறேன். மொதல்ல டாக்டரு, அப்புறம் நான்" என்றபடி வீராசாமியின் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டாள்.

மூவரும் வருவதைப் பார்த்துவிட்டு தினேஷ்குமார் தலையில் கை வைத்தான்.

"போச்சுக்கா. இன்னிக்கும் கோபுரம் போச்சு."

பஸ்ஸுக்குள் முணுமுணுப்பு கிளம்பியது. வீராசாமி வழக்கம்போல் முன் படியில் கால் வைத்தார். ஹேமாவதி அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அண்ணே, நீங்களும் அவரும் பின் கதவால ஏறுங்க."

அவர்கள் உட்காரும்வரை கீழேயே நின்றாள். பிறகு முன் கதவில் ஏறி, பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"இன்னிக்கு என்னாலதான் லேட்டு!"