பன்னிரண்டு இலக்க எண்

"எண்பத்தேழாயிரத்துத் தொண்ணூத்தோரு கோடியே நாப்பது லட்சத்து..." என்று மறுபடியும் ஆரம்பித்தார் பத்துமலை வாத்தியார்.

மங்களம் கணவரின் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள். நாளைக் காலை அவருக்குத் தலையில் ஆப்பரேஷன். கட்டி அழுத்தினால் பேச்சு தடுமாறலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மனுஷரோ காலையிலிருந்து ஒரே எண்ணைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

"ஒத்தப்படை எண், மங்களம். ரெண்டா பிரிக்க முடியாது. ஆனா இலக்கத்தையெல்லாம் கூட்டு, அம்பத்திநாலு வரும். ஒம்பதால வகுத்தா மீதியே இருக்காது."

"இப்ப கணக்கா முக்கியம்? பேசாம படுங்க லா."

ரத்த அழுத்தம் பார்க்க வந்த தாதி கேட்டாள்: "ஆன்ட்டி, ராத்திரி தொணைக்குப் பிள்ளைங்க யாரும் வராங்களா?"

"எங்களுக்குப் பிள்ளைங்க இல்லம்மா." சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்தான். உடனே பேச்சை மாற்றினாள். "இவரு பேச்சு ஒரு மாதிரியா இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லணுமா?"

"அங்கிள் தெளிவாத்தான் இருக்காரு" என்று சிரித்துவிட்டுப் போனாள் தாதி.

அவர் எப்போதுமே அப்படித்தான். புந்தோங் தெருவில் போகிற கார் எண்ணைக்கூட வகுத்துப் பார்க்காமல் விடமாட்டார். மனிதர்களைத்தான் துருவமாட்டார். வருடம் தவறாமல் செப்டம்பரில் அவள் தனியாகத் தைப்பிங் கோயிலுக்குப் போய்வருவாள். எதற்கு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அவர் அவள் கையைப் பிடித்தார். "நாளைக்கு நான் எந்திரிக்காமப் போயிட்டா, இதை உனக்குச் சொல்ல ஆள் இல்ல. மனப்பாடம் பண்ணிக்க."

அவளுக்குச் சுருக்கென்றது. "எவளோட போன் நம்பரு அது?"

"போன் நம்பருக்கு ஏது பன்னெண்டு இலக்கம்? கோடி, லட்சத்தை விடு. ரெண்டு ரெண்டா படி. எண்பத்தேழு. சைபர் ஒம்பது. பதினாலு..."

மங்களம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். எண்பத்தேழு, செப்டம்பர், பதினாலு. இந்த நாட்டில் ஐ.சி. என்கிற அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்க எண், பிறந்த வருடம், மாதம், தேதியில்தான் தொடங்கும்.

அந்தத் தேதியில்தான், கல்யாணத்துக்கு வெகுநாள் முன்பு, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒருவனைப் பெற்று, முகம்கூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டு வந்தாள். செத்துப்போன அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.

"உங்களுக்கு... எப்பத்திலேருந்து தெரியும்?"

"உன்னைப் பொண்ணு பாக்க வரதுக்கு முன்னாடியே உங்கம்மா சொல்லிட்டாங்க. அவனைத் தேடிப் பிடிக்கத்தான் இவ்வளவு நாளாச்சு."

அவள் கட்டில் விளிம்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நிமிர்ந்து அவரைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

வாத்தியார் அவள் தலையை மெல்லத் தடவினார்.

"வெளியதான் நிக்கிறான். கூப்பிடவா?"