கிழிந்த பாக்கெட்

நதியாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. பத்து நாளாகப் புருஷன் ராஜ்குமார் மேல் ஸ்பிரிட் வாடை வீசுகிறது. கொளுத்தும் வெயிலிலும் முழுக்கைச் சட்டை போடுகிறான். இரண்டு வயது மகள் பூஜா தோளில் தொற்ற வந்தால் விலகி ஓடுகிறான். இன்றைக்குக் குளிக்கிற இடத்துத் தட்டியில் செருகியிருந்த கிழிந்த பாக்கெட்டே கிடைத்துவிட்டது.

“யோவ், இன்னா இது? பாக்கெட் சாராயம் நம்ம வூட்டுக்குள்ளயே வந்துடுச்சா?”

அவன் சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வெளியே நழுவப் பார்த்தான்.

“போளூர்ல எங்கண்ணனுக்குப் போன் போட்டாச்சு. வர்ற ஞாயித்துக்கெழம கோயில்ல கயிறு கட்டிக்கினு, இனிமே குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணு. இல்லன்னா நானும் கொழந்தையும் பஸ் ஏறிடுவோம்.”

பஸ் என்றதும் ராஜ்குமார் சட்டைப் பையிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினான்.

‘ஆண் ஹார்மோன் குறைவு. ஸ்பிரிட் கலந்த ஜெல், தினமும் ஒரு பாக்கெட், குளித்தபின் தோளில் தடவவும். குழந்தை மேல் படக் கூடாது.’

நதியா இரண்டு முறை படித்தாள். போன மாதம் புளி உலுக்க ஏறியவன் பாதி மரத்திலேயே சோர்ந்து இறங்கியது நினைவுக்கு வந்தது.

“ஒடம்புக்கு முடியலன்னா எங்கிட்ட சொல்றதுக்கு இன்னாய்யா? ஊரு பூரா உன்ன குடிகாரன்னு சொல்லி வெச்சிருக்கேன். இரு, இப்பவே அண்ணங்கிட்ட உண்மைய சொல்றேன்.”

“வேணாம்மே.” வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத ராஜ்குமார் போனைப் பிடுங்கிக்கொண்டான். “ஊருல குடிகாரனுக்கு இருக்கற மரியாதை இதுக்குக் கெடையாது. நான் கயிறே கட்டிக்கறேன். சாமி யாருகிட்டயும் சொல்லாது.”