பாதி வேகம்

“எங்கட பாட்டு இதில்லை, ரீச்சர்” என்றார் ஐயாத்துரை.

நிலாந்தினி கைபேசியில் ஓடிய பாட்டை நிறுத்தினாள்.

பள்ளிக்கூட ரீச்சராம். வேலணை வீட்டுக்கு வந்த மூன்று நாளாக அவளுக்கு அதுதான் பெயர். கண்ணாடி போட்டிருப்பதால் இருக்கலாம். “இது உங்கட பேத்தியெல்லோ” என்று அம்மா எத்தனை தரம் சொன்னாலும், அம்மப்பா மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, ரீச்சருக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொல்லுவார்.

தொண்ணூறு வயது. மனிதருக்கு முகங்கள் ஒவ்வொன்றாக மறந்துகொண்டு போகின்றன. நாளைக்கு அவள் கனடாவுக்குத் திரும்புகிறாள். அடுத்த முறை வரும்போது இவர் இருப்பாரோ தெரியாது. ஒரேயொரு தரம் தன் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அதற்காகத்தான் மெனக்கெட்டு அந்தப் பாட்டைத் தேடிப் பிடித்தாள். அவருடைய பழைய இசைத்தட்டுகளில் அவளுக்கு நினைவில் நின்றது அது ஒன்றுதான். சின்ன வயதில் கேட்டபோது ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்துப் போகும். பக்கத்து வீட்டுச் சின்னாச்சி அதைக் கேட்டு மூக்கைச் சிந்தியதும் உண்டு.

இப்போது கேட்டால், அது கல்யாண வீட்டுக் கும்மாளப் பாட்டு. தவில் துள்ளுகிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது.

அது யுத்த காலம். கரண்டும் இல்லை, பற்றறியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கொஞ்சக் கரண்டில்தான் இசைத்தட்டுப் பெட்டி ஓடியது. சுற்றுகிற கை களைத்தால் பாட்டும் களைத்துவிடும். நல்லதொரு கல்யாணப் பாட்டை வீடே கூடியிருந்து செத்தவீட்டுப் பாட்டாகக் கேட்டிருக்கிறது.

நிலாந்தினி பாட்டின் வேகத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடியும் போட்டாள்.

ஐயாத்துரை கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார். தலை மெல்ல ஆடியது.

ஒரு சரணம் முடிந்தது.

அவர் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். அவளுடைய வலது மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.

“கை உளையுதே, நிலா? விடு. மிச்சத்தை நான் சுத்துறன்.”