எப்பவும் பத்து பத்து

பழைய கடிகாரங்கள் சேர்க்கும் ஏகாம்பரத்தின் கண்ணாடி அலமாரியில் பச்சை எனாமல் கடிகாரம்தான் மூத்தவள். குதிரை வண்டிப் பயணத்துக்கென்று அந்தக் காலத்தில் செய்த, தலையில் கைப்பிடி வைத்த குட்டிக் கடிகாரம். முகத்தில் இருக்கும் பூ வேலைப்பாடு மறையாமல் தெரியட்டும் என்று, ஏகாம்பரம் எல்லாக் கடிகாரங்களின் முள்ளையும் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்தியிருந்தார். சாவி கொடுப்பதே கிடையாது, ஓடினால் தேய்ந்துவிடுமாம்.

அன்று புதிதாக ஒரு நீலக் கடிகாரம் வந்து சேர்ந்தது, டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டே.

"ஏ பொண்ணு, வாயை மூடு. இங்கே யாரும் ஓடுறதில்லை" என்றாள் பச்சை.

"அப்போ மணி என்னன்னு எப்படிக்கா தெரியும்?"

"எப்பவும் பத்து பத்துதான். அதுல என்ன சந்தேகம்?"

"கொஞ்சம் ஓடித்தான் பாருங்களேன்."

"எனாமல் உதிர்ந்துட்டா? அப்புறம் என்னை யாரு பார்ப்பா?"

அலமாரியில் இடம் போதவில்லை. ஏகாம்பரம் நீலத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ள, அது பச்சையின் தோளில் இடித்தது. பச்சைக்குள்ளே ஒரு சக்கரம் அசைந்தது. எப்போதோ யாரோ கொடுத்த சாவி உள்ளே மிச்சம் இருந்திருக்கிறது.

டிக்.

சக்கரத்தின் பல்லையெல்லாம் கடித்துக்கொண்டு அடக்கிப் பார்த்தாள். டிக், டிக். யாரோ கிச்சுகிச்சு மூட்டுவதுபோல் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனாமலில் ஒரு பூகூட உதிரவில்லை. பெரிய முள் மெல்ல நகர்ந்தது.

"அடியேய், எல்லாரும் பாருங்கடி!" என்று அலமாரியே அதிரக் கத்தினாள் பச்சை. "மணி பத்து பதினொண்ணு!"