பிளாக் கெட்டில் சுரங்கம்

தெல்மா தன் கல்யாண மோதிரத்தை அரத்தால் ராவிக்கொண்டிருந்தாள். உதிர்ந்த தங்கத்தூளைத் துப்பாக்கித் தோட்டாவுக்குள் கொட்டி, மெழுகு வைத்து மூடினாள். முகத்தில் பயமும் இல்லை, வெட்கமும் இல்லை.

"அண்ணி, இது பச்சை மோசடி" என்றான் கொழுந்தன் க்ளெம். "சுரங்கத்தை வாங்க வர்ற கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும்."

"நீ கயித்தை மட்டும் பிடி."

தங்கத்தூளைப் பாறையில் சுட்டு ஏற்றி, செத்த சுரங்கத்தை விற்பது அந்தப் பாலைப் பக்கத்தின் பழைய தில்லுமுல்லு. பிளாக் கெட்டில் செத்து எத்தனையோ வருஷமாகிறது. பச்சைப் பாறைக்குள் சாய்வாக இறங்கிய, தங்கம் ஓடிய வெள்ளைக்கல் ரேகை, பாறை நழுவிய இடத்தில் வெட்டுப்பட்டுக் காணாமல் போனது. அதைத் தேடியே மூன்று முதலாளிகள் போண்டியானார்கள்.

கடைசியாக அதை வாங்கிய ஏமாளி, க்ளெமின் அண்ணன் ரெக்ஸ். ஒரு கோடையில், சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் கிணற்றின் அடிப்பாகம் இடிந்தது. அதே வாரம் ஹோட்டலில் பியர் ஊற்றிக்கொடுத்த பெண்ணும் ஊரைவிட்டுப் போனாள், ரெக்ஸையும் காணோம். ஊர் வாய்க்கு அது போதாதா?

தெல்மா இரண்டு தடவை போலீஸுக்குப் போனாள். அவர்களும் சிரித்தார்கள். அப்புறம் அவள் அழவும் இல்லை, யாரோடும் அதிகம் பேசவும் இல்லை. மனசு மரத்துப்போய்விட்டது. க்ளெமுக்கோ அண்ணன் பெயரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவன் கயிற்றைப் பிடித்து மெல்ல இறக்க, அவள் கிணற்றுக்குள் இறங்கினாள். இடிபாட்டுக்குச் சற்று மேலே, ரேகையைப் பார்த்துச் சுட்டாள். மேலே வந்ததும் தேநீர் போடப் போய்விட்டாள்.

மறுநாள் கம்பெனியின் பாறை நிபுணர் வார்விக் கல்கூர்லி நகரத்திலிருந்து வந்தார். அதே இடத்தில் கல்லை உடைத்து, இடித்து, தட்டில் போட்டு அலசினார். தட்டின் ஓரத்தில் மஞ்சளாய் ஒரு கோடு நின்றது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

"ரேகை இடிபாட்டுக்குக் கீழயும் போகுதும்மா! பக்கத்துல புதுசா ஒரு துளை போட்டுப் பார்த்துடலாம். செலவும் கம்மி."

"கூடாது!" தெல்மாவின் குரல் உயர்ந்து க்ளெம் அன்றுதான் கேட்டான். "பழைய கிணத்தைத்தான் திறக்கணும். இடிஞ்சதை எல்லாம் அடிவரைக்கும் அள்ளணும். சம்மதம்னா சுரங்கத்தையே எடுத்துக்குங்க. எனக்குப் பங்கு வேண்டாம்."

"பங்கே வேண்டாமா?" வார்விக் அவள் மனசு மாறுவதற்குள் கையெழுத்துப் போட்டார்.

வண்டிப் புழுதி அடங்கியதும் க்ளெம் வெடித்தான். "உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா அண்ணி? இவ்வளவு தில்லுமுல்லும் பண்ணிட்டு, சும்மா தூக்கிக் குடுத்துட்டீங்களே! அவ்வளவும் அள்ளிப் பார்த்துட்டு அந்தாளு வந்து நிப்பான். அடியில என்ன இருக்கு?"

தெல்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள்.

"உங்கண்ணன்."