முப்பத்துமூன்றாவது செடி

வானம் பொய்த்த ஒரு கொல்லையில் நூறு மிளகாய்ச் செடிகள் நின்றன. நூற்றுக்கு முப்பத்துமூன்று பட்டுப்போயிருந்தால் சர்க்கார் நிவாரணம் உண்டு. ஒன்று குறைந்தாலும் கிடையாது. மறுநாள் அதிகாரி எண்ண வருகிறார்.

வேலியோரக் குட்டைச்செடி மூன்று தடவை எண்ணிப் பார்த்தது. பட்டவை முப்பத்திரண்டுதான்.

"அக்கா, ஒண்ணு கொறையுதே!"

"கொறைஞ்சா உனக்கென்னடி?" என்றது பக்கத்துச் செடி.

"இருக்கிறதுலே நோஞ்சான் நான்தானே?"

"அட பயந்தாங்கொள்ளி! குடங்குடமா ஊத்திக் காப்பாத்துன மனுசன் உன்னைப் புடுங்குவாரா? நான் பக்கத்துலதானே இருக்கேன்."

குட்டைச்செடிக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

பொழுது சாய கொல்லைக்காரச் சம்சாரி வந்தார். இடுப்பில் குடம் இல்லை. விரல் மடக்கி எண்ணினார். முப்பத்திரண்டில் விரல் நின்றது. மறுபடி எண்ணினார். அப்புறம் வேலியோரமாக வந்து, இரண்டு செடிகளுக்கும் நடுவே குந்தினார்.

"பொறுத்துக்க தாயி. வீட்டுல உலை வைக்க ஒண்ணுமில்லே," என்றார். கையை நீட்டினார்.

"அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டது குட்டைச்செடி.

அக்கா திரும்பவில்லை. இருந்த இலையையெல்லாம் விரித்து, என்றைக்கும் இல்லாத பச்சையாக நிமிர்ந்து நின்றது.