பாஸ் ஓவர்

"லண்டன்ல பெரிய வக்கீலா இருக்கலாமுங்க. நம்ம திருப்பூர் கோர்ட்ல அந்தம்மா வாயே திறக்க முடியாது, தெரியுமுங்களா?"

கோர்ட் கேன்டீனில் வடையைப் பிய்த்தபடி சொன்னார் வக்கீல் தரணீதரன். சுற்றிலும் சக வக்கீல்கள்.

"ஏனுங்க?"

"புது ரூலுங்க. வெளிநாட்டு வக்கீல் இங்க வந்து அவங்க நாட்டுச் சட்டத்துக்கு யோசனை சொல்லலாம். கோர்ட்ல நிக்கக் கூடாது. அதைச் சொல்லித்தான் கேஸையெல்லாம் எங்கிட்டத் தள்ளி விடறா. மிச்சம் மீதி எனக்கு!"

கிருத்திகாவும் அவரும் சட்டக் கல்லூரியில் ஒரே வகுப்பு. கிருத்திகா லண்டன் போனார். ஏற்றுமதி ஒப்பந்தங்களில் பேர் வாங்கினார். இங்கிலாந்தோடு வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஊருக்கே திரும்பி, கண்ணாடிக் கதவு வைத்து ஆபீஸ் போட்டார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தரணீதரன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் வாசலில் யார் யார் கார் நிற்கிறது என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிடும்.

இன்று நல்லூர் பனியன் கம்பெனி நஞ்சப்பனின் கேஸ். அவருடைய பிராண்டுப் பேரை வேறொருத்தர் போட்டு விற்கக் கூடாதென்று தரணீதரன் வாங்கிக் கொடுத்த தடை. இன்று ஆஜராகாவிட்டால் தடை போய்விடும். அந்த நஞ்சப்பன் கிருத்திகாவையும் கூடவே கூட்டி வந்திருந்தார்.

"அம்மிணி சும்மா பக்கத்துல இருந்தா ஒரு தெம்புங்க" என்று வேறு சொன்னார்.

அதுதான் வடையைவிடக் காரம். பேச்சு மும்முரத்தில் தாமதமாக மணியைப் பார்த்தவர், கை கழுவாமலே ஓடினார்.

நீதிபதி முன்னால் கறுப்பு கவுனோடு நின்றுகொண்டிருந்தார் கிருத்திகா. நீதிபதி தலையசைத்தார். கிருத்திகா வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

வராந்தாவில் மறித்தார் தரணீதரன். "என் கேஸைப் புடுங்கிட்டியல்ல?"

"பேரு கூப்பிட்டாங்க, நீ இல்லை. கொஞ்சம் பொறுத்து எடுக்கச் சொல்லி பாஸ் ஓவர் கேட்டேன். கடைசியா எடுக்கறாராம். போய்த் தயாராகு."

"நீ எப்படி நிக்கலாம்? புது ரூல்படி நான் புகார் குடுத்தா என்னாகும் தெரியுமா?"

"ஒண்ணும் ஆகாது தரணி. அது வெளிநாட்டு வக்கீலுக்கு. நீயும் நானும் ஒரே நாள்ல இங்க வக்கீலாப் பதிவு பண்ணுனோமே, அதை நான் விடவே இல்லை. எந்தக் கோர்ட்லயும் நிக்கலாம்."

"அப்புறம் எதுக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் முடியாதுன்னு சொல்லி எங்கிட்ட..."



அதற்குள் நஞ்சப்பன் வேர்க்க விறுவிறுக்க வந்தார். "நல்லவேளை காப்பாத்துனீங்க அம்மிணி! வடை திங்கறவரை நம்பி ஆகாதுங்க. இனி நீங்களே நடத்துங்க."

கிருத்திகா யாரிடமோ இரவல் வாங்கிய கவுனைக் கழற்றி மடித்தார்.

"நேரம் மட்டுந்தானுங்கண்ணா நான் கேக்கலாம். வாதாட புது ரூல் விடாதுங்க. வேணும்னா தரணி சாரையே கேளுங்க. அவருக்கு அது அத்துப்படி."

நஞ்சப்பன் திரும்பினார். "நெசமுங்களா வக்கீலுங்க?"

காலையெல்லாம் கேன்டீன் அதிரச் சொன்ன பதில்தான்.

"ஆமாங்க" என்றார் தரணீதரன், இந்த முறை முகத்தைத் திருப்பாமல் கிருத்திகாவைப் பார்த்தே.